பிராந்தி வில்லை

வேதகிரிக்கு அத்தாவுல்லா பாய் மீது பல வருடமாக ஒரு மனத்தாங்கல் இருந்தது. கூலி தரவில்லை, பண்டிகைக்கு வேட்டி எடுக்கவில்லை என்கிற மாதிரி மனத்தாங்கல் இல்லை. அதெல்லாம் பாய் ஒழுங்காகச் செய்துவிடுவார். ஒரு சொட்டு சாராயம் நாக்கில் படாமல் தலை நரைத்த மனுஷனை, குடித்துக் கெட்டுத் திருந்தினவன் என்று உத்திரமேரூர் முழுக்கப் பேச வைத்துவிட்டார். திருந்தினவன் என்றால் மரியாதைதானே என்று கேட்பீர்கள். கெட்டவனுக்கு அது மரியாதை. கெடாதவனுக்கு அது வெறும் வயிற்றெரிச்சல்.

கடைத்தெருவில் பாய்க்குப் பழைய பாத்திரக் கடை. முன்னால் கடை, பின்னால் வீடு, நடுவில் ஒரு பச்சைத் திரை. வேதகிரி மூன்று சக்கர வண்டியில் எவர்சில்வர் சாமான் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போவான். அதைக் கொடுத்துப் பழைய பித்தளை, செம்பு எது கிடைத்தாலும் மாற்றிக்கொண்டு வருவான். பாய் ஐந்து வேளை தொழுகிறவர். ஜமாத்தில் அவர் வாயைத் திறந்தால் மற்றவர்கள் மூடிக்கொள்வார்கள். குடித்தவனைக் கடைவாசலில் நிழலுக்குக்கூட ஒதுங்க விட மாட்டார். அப்படிப்பட்டவருக்குப் பிடித்த பைத்தியம், வெள்ளைக்காரன் மதுக் குடுவையின் கழுத்தில் மாட்டிவைத்த வெள்ளி வில்லைகள்.

முதல் வில்லையைக் கொண்டுவந்தவனே வேதகிரிதான். செங்கல்பட்டுப் பக்கம் ஒரு பழைய பங்களாவை இடித்தார்கள். அங்கே வாங்கிய கரண்டி மூட்டைக்குள் அது கிடந்தது. கட்டைவிரல் நீளத்தில் ஒரு பிறை. ஓரமெல்லாம் திராட்சைக் கொடி, நடுவில் இங்கிலீஷ் எழுத்து, இரண்டு முனையிலும் பிடித்த மெல்லிய சங்கிலி. மெட்ராஸிலிருந்து பழம்பொருள் வாங்க வருகிற ஒருவர் அதற்கு விளக்கம் சொன்னார். துரைமார்கள் சரக்கைக் கண்ணாடிக் குடுவையில் ஊற்றி வைப்பார்களாம். எல்லாம் ஒரே மாதிரி சிவப்பாக இருக்குமாம். எது பிராந்தி, எது ஒயின் என்று தெரிவதற்காகக் குடுவையின் கழுத்தில் பெயரை மாட்டிவிடுவார்களாம்.

அவர் வில்லைக்கு விலை கேட்டார். பாய் தரவில்லை.

"நம்ம ஊர்ல பொண்டாட்டி கயுத்துக்கே கவரிங்குதான் போடறான். அவன் பாட்டிலுக்கு வெள்ளில சங்கிலி போட்டுகீறான் பாரு வேதகிரி" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். சிரிப்பு அடங்குவதற்குள் பைத்தியம் பிடித்துவிட்டது.

அப்புறம் வேதகிரிக்கு அதே வேலை. திருமுக்கூடலில் ஒரு கன்றுக்குட்டியின் கழுத்தில் மதேரா என்று ஒயின் பெயர் போட்ட வில்லை ஒன்று தொங்கியது. எவர்சில்வர் குடம் கொடுத்து வாங்கினான். திருப்புட்குழியில் ஒரு வீட்டுச் சாவிக்கொத்தில் ரம் இருந்தது. ராஜகுளத்தில் ஒரு தாத்தா ஷெர்ரியை வைத்து முதுகு சொறிந்துகொண்டிருந்தார். அவரிடம் நல்ல சொறிகோல் ஒன்றைக் கொடுத்துவிட்டு அதை வாங்க வேண்டியதாயிற்று. பாய் ஒவ்வொன்றையும் பூந்திக்கொட்டை நுரையில் ஊறவைத்துத் தேய்த்து, பீரோவுக்குள் ஆணியடித்து வரிசையாக மாட்டினார். ஒரு தரம் ஆசைக்கு மண்ணெண்ணெய் பாட்டிலில் மாட்டிப் பார்த்தார். முகம் சுளித்துக்கொண்டு உடனே கழற்றிவிட்டார்.

எல்லாம் நன்றாகத்தான் போனது. கான்வென்ட்டில் படித்த மகள் பர்சானா ஒருநாள் பீரோவைத் திறந்து எழுத்துக்கூட்டிப் படித்தாள். பிராந்தி, ரம் என்று அவள் சத்தமாக வாசித்தது அடுப்படி வரைக்கும் கேட்டது. பாயின் சம்சாரம் அமீனா பீவி கரண்டியோடு வந்து நின்றாள்.

"இன்னா இது? தொழுவற வூட்ல சாராயக் கடை போர்டா மாட்டி வெச்சிகீறீங்க?"

பாய்க்கு ஜமாத் கண்முன் வந்து போயிருக்க வேண்டும். சட்டென்று, "இதெல்லாம் நம்ம வேதகிரிது. பத்திரமா வெச்சிருக்கச் சொன்னான்" என்றார்.

அன்றிலிருந்து வேதகிரி கடைக்கு வந்தால் அமீனா பீவி திரைக்குப் பின்னால் நின்று நீளமாக ஒரு பெருமூச்சு விடுவாள். டீ வரும், தூரத்தில் வைத்துவிட்டுப் போவாள். அக்கம்பக்கத்தில், நல்ல மனுஷன், இந்தக் குடிதான் கெடுத்துடுச்சி என்று இரக்கப்பட்டுப் பேசினாள். வேதகிரி பாயிடம் கேட்டான்.

"பாய், நான் குடிக்கறதில்லன்னு ஒரு வார்த்த சொல்லுங்க."

"சொல்றேன்பா. நேரம் வரட்டும்."

நேரம் வந்தது. வேதகிரியின் மகள் அம்முலுவைத் திருமுக்கூடல் பாண்டியனுக்குப் பேசினார்கள். பையன் டிராக்டர் ஓட்டுகிறவன், அம்முலுவுக்கும் அவன் மேல் பிரியம். பாண்டியனின் அம்மா செல்லம்மாள்தான் முட்டுக்கட்டை. புருஷனைக் குடிக்குப் பறிகொடுத்தவள். குடிக்கிற வீட்டில் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்க மாட்டேன் என்று இருப்பவள். சம்பந்தம் முடிக்கும் முன்னால், அப்பன்காரன் வேலை செய்கிற இடத்தில் நாலு வார்த்தை விசாரிப்பதற்காகப் பாய் வீட்டுக்கு வந்தாள். முதலில் அமீனா பீவியிடம் பேசினாள். அங்கே எதைக் கேட்டாளோ, திரையை விலக்கிக்கொண்டு கடைக்குள் வந்தபோது முகம் கடுகடுவென்று இருந்தது. வேதகிரி அப்போது பித்தளைத் தவலையைத் தூக்கிக்கொண்டு நின்றான்.

"பாய், இந்தாளு குடிக்கிறவரா இல்லியா? ஒரே பேச்சா சொல்லிடுங்க. நான் பஸ்ஸ புடிக்கணும்."

பாய் வேதகிரியைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். திரைக்குக் கீழே அமீனா பீவியின் பாதம் தெரிந்தது. பிறகு மேஜை டிராயரைத் திறந்து, தேய்ப்பதற்காக வைத்திருந்த பிராந்தி வில்லையை எடுத்தார்.

"பொய் சொல்லக் கூடாதும்மா. குடிச்சிக்கினுதான் இருந்தான். இந்தத் தகட்ட ஓதி அவன் கயுத்துல கட்டினேன், தேய்க்கத்தான் கயட்டி வெச்சிகீறேன். வுட்டுட்டான். இப்ப வாசன கூட ஆவாது."

பாய் கை வைத்துக் கட்டிய வெள்ளித் தகடு என்றால் அந்தப் பக்கத்தில் மறுபேச்சு கிடையாது. ஜுரம் வந்தாலும் பயந்துகொண்டாலும் பாயிடம் வந்துதான் கயிறு கட்டிக்கொண்டு போவார்கள். செல்லம்மாள் தகட்டை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"இன்னா பாய் எயுதி கீது?"

"பிராந்தி. எத்த வுடணுமோ அத்த எயுதினாத்தான் வேல செய்யும்."

"சாராயம்னு எயுதினது இல்லியா?"

"வெள்ளக்காரனுக்கு சாராயம் தெரியாதும்மா."

செல்லம்மாள் வேதகிரியின் பக்கம் திரும்பினாள். "மெய்யாலுமே வுட்டுட்டீங்களாண்ணா?"

தவலை கையில் கனத்தது. குடிக்கவே இல்லை என்று சொன்னால் பாய் பொய்யர் ஆவார், சம்பந்தமும் போகும். வேதகிரி மகளை நினைத்துக்கொண்டு, "வுட்டுட்டேன்" என்றான்.

செல்லம்மாளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "குடிக்காதவன் நாளைக்குக் குடிப்பான். உங்கள மாரி குடிச்சி வுட்டவராண்டதான் பயமில்ல. ஆனா ஒண்ணு, அந்தத் தகடு கயுத்த வுட்டு எறங்கக் கூடாது."

கல்யாணம் நடந்தது. பாட்டிலுக்குச் செய்த சங்கிலி மனுஷன் கழுத்துக்குப் பத்தாது என்பதால் கருப்புக் கயிறு சேர்த்துக் கட்டினார்கள். சம்பந்தி வீட்டுக்குப் போனால் செல்லம்மாள் முதலில் தகட்டைப் பார்ப்பாள். அப்புறம் பேசுகிற சாக்கில் கொஞ்சம் முன்னால் சாய்ந்து மூக்கை உறிஞ்சுவாள். பிறகுதான் சொம்பில் தண்ணீர் வரும்.

அதோடு விட்டதா? ஊரில் உள்ள பெண்கள் எல்லாம் புருஷனை இழுத்துக்கொண்டு கடைக்கு வந்தார்கள். பாய்க்கு வில்லைகளைப் பிரிய மனமில்லை.

"இது ஷெர்ரிம்மா. உன் வூட்டுக்காரன் ஷெர்ரியா குடிக்கிறான்?"

"எது கெடச்சாலும் குடிப்பான் பாய். கட்டுங்க."

"தப்பான தகடு கட்டினா இல்லாத பயக்கம் வந்துடும்" என்று பயமுறுத்தி அனுப்பிவிடுவார். வந்தவர்கள் வேதகிரியைப் பிடித்துக்கொள்வார்கள். எப்படி விட்டாய், விட்டபோது கை நடுங்கியதா, தூக்கம் வந்ததா என்று கேட்பார்கள். அவனுக்கு என்ன தெரியும்? பக்கத்து வீட்டு வீராசாமி நன்றாகக் குடிப்பான். அவனிடம் போய் விவரம் கேட்டுக்கொண்டு வந்து சொன்னான். கேட்டவர்களில் ரெண்டு பேர் நிஜமாகவே விட்டுத் தொலைத்தார்கள். வீராசாமி மட்டும் விடவில்லை.

"அனுபவம் என்னுது, பேரு உனுக்கா?" என்று அவனுக்கு வேறு கோபம்.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வந்ததும் பாய் வேதகிரியைக் குனியச் சொல்வார். கழுத்திலேயே வைத்துப் பூந்திக்கொட்டை போட்டு வில்லையைத் தேய்ப்பார். வேர்வையில் கறுத்துவிடும் அல்லவா, அவருடைய சேகரிப்பு ஆயிற்றே. நுரை வேதகிரியின் சட்டைக்குள் வழியும்.

"என் பேர எப்ப பாய் தொடைப்பீங்க?" என்பான்.

"ஆடாத, சங்கிலி அந்து பூடும்" என்பார் பாய்.

அரசாங்கமே ஒயின்ஷாப் நடத்த ஆரம்பித்த பிறகு, பாய் மூச்சிரைப்பு வந்து படுத்தார். மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு வீட்டுக்கே அனுப்பிவிட்டார்கள். வேதகிரி பார்க்கப் போனான். அமீனா பீவி கட்டில் தலைமாட்டில் விசிறிக்கொண்டிருந்தாள். பீரோ திறந்து கிடந்தது. வில்லைகள் வரிசையாகத் தொங்கின. பிராந்தியின் ஆணி மட்டும் காலி.

பாய் கையைக் காட்டிக் கிட்டே கூப்பிட்டார். தேய்க்கத்தான் என்று நினைத்து வேதகிரி பழக்கத்தில் குனிந்தான். பாய் வில்லையைத் தொட்டுப் பார்த்தார்.

"இத்தினி வருசமா சேத்தேன். ஒண்ணு கூட அதது எடத்துல தொங்கி நான் பாக்கல வேதகிரி."

"இன்னா பாய் செய்யணும்?"

"ஒயின்ஷாப்புக்குப் போ. பிராந்தி ஒரு பாட்டில் வாங்கிக்கினு வா. குடுவைக்கு எங்க போறது, பாட்டிலே போதும். மாட்டிக் காட்டு. பாத்துட்டு கீய ஊத்திடலாம்."

விசிறி நின்றது.

"காலி பாட்டில் வீராசாமி வூட்டாண்ட எவ்ளோ வேணும்னாலும் கீது பாய். எடுத்தாறேன்."

"வாணாம். மேல இன்னா எயுதி கீதோ அது உள்ள இருக்கணும். உன் கயுத்துல தொங்கினது பொய்யி." மூச்சு வாங்கினார். "அத நான்தான் தொங்க வுட்டேன்."

அமீனா பீவி வேதகிரியை நிமிர்ந்து பார்த்தாள். அத்தனை வருடத்தில் அன்றைக்குத்தான் பெருமூச்சு விடாமல் பார்த்தாள்.

வேதகிரிக்கு ஒயின்ஷாப் இருக்கிற இடம் ஞாபகம் வந்தது. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில்தான் கடை. திருமுக்கூடல் பஸ்கள் எல்லாம் அங்கேதான் நிற்கும்.

"பாய், இன்னிக்கு சந்தை. சம்மந்தியம்மா வந்திருக்கும். கயுத்துல தகட்டோட, கைல பாட்டிலோட என்னப் பாத்துச்சின்னா?"

பாய் கருப்புக் கயிற்றின் முடிச்சைத் தானே அவிழ்த்தார். நேரமானது. வேதகிரி ஆடாமல் குனிந்திருந்தான். வில்லையைத் தன் நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டு பாய் கடைசியாகச் சொன்னார்.

"பாக்கட்டும். பேப்பர் சுத்தாம எடுத்துக்கினு வா. யாருக்குன்னு எவன் கேட்டாலும், அத்தாவுல்லா பாய்க்குன்னு சத்தமா சொல்லு."