மேல் டிவிஷன் பீலியில் தண்ணீர் அளந்தது

போனவர்கள் மூன்று பேர். சிவஞானம் சேர், யாழ்ப்பாணத்துக்காரர், கணக்கு எழுத வந்தவர். பந்துல, நானுஓயாவில் பிடித்த வேனின் சாரதி. நான், கொழும்பில் சேரின் அலுவலகத்தில் பியூன். வாளியும் தாள்கட்டும் என் கையில்.

2003 பெப்ரவரி, வெள்ளிக்கிழமை. கொழும்புக் கோட்டை ஸ்டேஷனில் ரயில் காலை ஐந்து ஐம்பத்தைந்துக்கு. மூன்றாம் வகுப்பு. ஹட்டனில் உளுந்து வடை நாலு வாங்கினேன், இருபது ரூபாய். ஹட்டன் தாண்டியதும் ஒரு தேயிலை ஃபெக்டரியில் இருந்து கொழுந்து வாடும் மணம் வந்தது. குளிருது என்று சேர் யன்னலைச் சாத்தினார். நான் கதவுப்பக்கம் போய் நின்றுகொண்டேன்.

திரும்பி வந்து கேட்டேன்.

"இது என்ன கணக்கு சேர்?"

"ஒரு நகரம் நெடுகச் சீவிக்குமோ எண்டு பாக்கிற கணக்கு. காசு வரவு செலவு எழுதிறம் எல்லே? அதுக்குப் பக்கத்திலை தண்ணி, விறகு, குப்பை. நுவரெலியா டவுன் சுத்துவட்டாரத்திலை இருந்து எவ்வளவு எடுக்குது, எவ்வளவு மிச்சம் கிடக்கு."

"மிச்சம்னு எழுதினா டவுனுக்குக் குழாய் போடுவாங்களா?"

"போடலாம். அதை நாங்கள் தீர்மானிக்கிறேல்லை."

தாளில் எட்டு இடம் இருந்தது. மூன்றாவது, ஒரு தேயிலைத் தோட்டத்தின் மேல் டிவிஷன் பீலி. பீலி என்றால் ஊற்றுத் தண்ணீர் தகரத் தூம்பு வழியாக விழும் இடம். லயத்து ஆட்கள், தோட்டத்து வரிசை வீடுகளில் இருப்பவர்கள், குடிப்பது, சமைப்பது எல்லாம் அதில்தான். அந்த லயத்தில் என் அக்கா இருக்கிறாள். நான் பிறந்ததும் அங்கேதான். போய் ஆறு வருஷம். சேரிடம் சொல்லவில்லை.

நானுஓயாவில் பன்னிரண்டு நாற்பது. வேனுக்கு ஒரு நாளைக்கு ஆயிரத்து எண்ணூறு ரூபாய். நுவரெலியா வீதியில் ஐந்து கிலோமீட்டர், பிறகு தோட்டத்துக் கல் ரோட்டில் மூன்று. முதல் இரண்டு ஓடையையும் அளந்துவிட்டுப் பீலிக்கு வரும்போது மணி மூன்று.

ஒருவரும் இல்லை. இருபத்திநாலு வீட்டுக் கதவும் பூட்டியிருந்தது. பத்து லீற்றர் வாளி இருபது செக்கனில் நிறைந்தது. மூன்று தரம் பிடித்தோம். மூன்று தரமும் இருபதுதான். பாவனை, அதாவது ஆட்கள் எடுக்கும் அளவு, என்ற கட்டத்தில் சேர் பூச்சியம் போட்டார். தண்ணீர் முழுவதையும் மிச்சத்தில் எழுதப் போனார்.

"சேர், ஆளுங்க மலையில கொழுந்து எடுக்குறாங்க. நாலரைக்குத்தான் விடுவாங்க. அப்ப எழுதுங்க."

"ஒரு இடத்தை ஒருக்காத்தான் பாக்கிறது. இன்னும் அஞ்சு இடம் கிடக்கு."

"இது பூச்சியமில்ல சேர்."

"உமக்கு என்னண்டு தெரியும்?"

"என் அக்கா இங்கதான் இருக்கா."

சேர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அப்ப நீர் எண்ணக்கூடாது. பீலிக்குக் கிட்டவும் வரக்கூடாது. நானே எண்ணுறன்."

"பனி எறங்கினா எனக்கு ஒன்னும் தெரியாது அண்ணே" என்று பந்துல சீற்றைச் சாய்த்துப் படுத்துவிட்டான்.

நாலு நாற்பதுக்குப் பெண்கள் வந்தார்கள். கூடையை வீட்டில் போட்டுவிட்டுக் குடத்தோடு வந்தார்கள். அக்கா மூன்றாவது. மெலிந்திருந்தாள். நான் பீலித் தண்ணீர் வழிந்து ஓடும் கானுக்கு இந்தப் பக்கம் நின்றேன். இடையில் பன்னிரண்டு அடி இருக்கும்.

"அடியே லெச்சுமி, ஒன் தம்பிடி! கொழும்புல இருந்து வாளி தூக்கிட்டு வந்திருக்கு!" என்றாள் ஒருத்தி.

எல்லோரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை.

"தீவாளிக்கு வர்றேன்னு போனவன். எந்தத் தீவாளின்னு கேக்காம விட்டுட்டேன்."

சேர் குடத்துக்கு ஒரு கோடு போட்டுக்கொண்டிருந்தார். அதை மாரியாயி கண்டுவிட்டாள். லயத்தில் அவள் பேச்சு எடுபடும்.

"என்னாங்கய்யா எழுதுறீங்க?"

"எவ்வளவு தண்ணி எடுக்கிறியள் எண்டு."

தூக்கிய குடங்களைக் கீழே வைத்தார்கள்.

"முன்ன ஒருக்கா இப்பிடித்தான் எங்கள எண்ணினாங்க. பாதிப் பேரு இந்தியாவுக்குக் கப்பல் ஏறிப் போனாங்க" என்றாள் மாரியாயி. "ஆளுக்கு ஒரு கொடம் எடுத்துட்டுப் போங்கடி. நெறைய எடுக்குறோம்னு பூட்டுப் போட்டுருவாங்க."

ஒவ்வொரு குடத்தோடு போகத் தொடங்கினார்கள். தாளில் பத்தொன்பது கோடு. பீலி சும்மா விழுந்துகொண்டிருந்தது.

"அக்கா" என்றேன். "கொறைய எடுத்தா மிச்சம்னு எழுதிருவாங்க. மிச்சம்னா டவுனுக்குப் போயிரும். தெனமும் எடுக்குற மாதிரி எடுங்க."

"ஒன்னைய நம்பி இருபத்திநாலு வீட்டுக்காரியும் எடுக்கணுமா? பூட்டுப் போட்டா வந்து தொறப்பியா? அப்ப நீ எங்கடா இருப்ப?"

"கொழும்புல" என்றேன்.

அக்கா என்னைப் பார்த்தாள். பிறகு மாரியாயி பக்கம் திரும்பினாள்.

"எடுங்கடி. பூட்டுப் போட்டா இங்க வந்து நிப்பேன்னு சொல்லியிருந்தான்னா நம்பியிருக்க மாட்டேன். உள்ளதத்தான் சொல்றான்."

வீட்டுக்குப் போய் இன்னொரு குடம் கொண்டுவந்தாள். மாரியாயி ஏதோ முணுமுணுத்துக்கொண்டு பின்னால் வந்தாள். அதன் பிறகு எல்லோரும் வந்தார்கள்.

அக்கா ஏழு தரம் வந்தாள். குடம் நிறைய அரை நிமிஷம். அந்த அரை நிமிஷத்தில், என் பக்கம் திரும்பாமல், தண்ணீரைப் பார்த்துப் பேசுவாள். சாப்பிட்டியா என்றாள். எளச்சுட்ட என்றாள். சின்னவளுக்குக் கல்யாணம் பேசியிருக்கு என்றாள். ஏழாவது தரம் குடம் நிறைந்து வழிந்தது. அப்படியே நின்றாள். பின்னால் நின்றவள் இடித்த பிறகுதான் தூக்கினாள்.

ஆறு பத்துக்குப் பனி இறங்கியது. பந்துல ஹோர்ன் அடித்தான். சேர் என்னைப் பார்த்து, "எண்ணி முடிஞ்சுது. போய்க் கதைச்சிட்டு வாரும்" என்றார். அதற்குள் அக்கா வீட்டுக்குள் போய்விட்டாள். அடுப்புப் புகை வந்தது. வேனில் ஏறினேன்.

டவுனுக்குள் வரும்போது ஏழு மணியாகவில்லை. ஏப்ரல் சீசனுக்கு ஹோட்டல்களுக்குப் பெயின்ட் அடித்திருந்தார்கள். ஒரு வாசலில் ஒருவர் பூச்செடிகளுக்குக் குழாயால் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார். கொழும்பில் என் அறையிலும் குழாய் இருக்கிறது. திருகினால் வரும். அது யாருடைய பீலி என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை.

சேர் வேன் வெளிச்சத்தில் கோடுகளை இரண்டு தரம் கூட்டினார். பூச்சியத்தை வெட்டிவிட்டு எழுதினார்.

நூற்று முப்பத்தேழு குடம்.