கரையில் விட்ட செருப்பு

எழுபதுகளில், ஒரு கோடை முடிவில், மலை ஏரிகளைச் சுற்றி நான்கு நாள் நடந்தோம். கூடாரம் சுமக்க மட்டாஞ்சேரி அரிசிக் கிடங்கின் சுமையாள் ஒருவர் வந்தார். ஒட்டிய கன்னம், உதட்டில் எப்போதும் அணைந்த பீடி. ஏரிகளில் டயர் செருப்போடுதான் இறங்குவார். அணைக்கட்டு ஏரியில் மட்டும் அதைக் கரையில் கழற்றிவிட்டு, முழங்கால் நீரில் போய் நின்றார்.

நாங்கள் படம் பிடித்துக்கொண்டிருந்தோம்.

“கல்லு குத்தும் சேட்டா, செருப்பு போட்டுக்கங்க,” என்றேன்.

“வீட்டுக்குள்ள ஆராவது செருப்போட கேறுவாங்களா, சாரே?” என்றார், திரும்பாமலே. “அணை கட்டினப்போ முங்கிப்போச்சு.”

அன்று எடுத்த ஏரிப் படம் ஒன்று என் கடைச் சுவரில் தொங்குகிறது; அவர் அதில் விழவில்லை. வருகிறவர்கள் ஏரியின் அழகை மெச்சுகிறார்கள். மூலையில் கிடக்கும் செருப்பைக் கண்டால், யாரோ மறந்து விட்டுப்போனது என்கிறார்கள்.