நாலு மணிப் பாணி

என் மனைவியை விட்டு முதலில் போனது சிங்களம். இருபத்தாறு வருடம் கண்டியில் கணக்குப் படிப்பித்தவள், சந்தையில் சிங்களத்தில் பேரம் பேசி என்னைத் தலைகுனிய வைத்தவள், ஒருநாள் பஸ் கொண்டக்டர் கேட்டதற்குப் பதில் தெரியாமல் என் முகத்தைப் பார்த்தாள். அடுத்த வருடம் ஆங்கிலமும் போயிற்று. மிஞ்சியது தமிழ் மட்டும். அதுவும் வகுப்பறையின் கடைசி வாங்கு வரைக்கும் கேட்கிற தமிழ்.

வேறு காலமாக இருந்தால் இதைச் சொல்லிச் சிரித்திருக்கலாம். அது போர்க்காலம். நகரில் குண்டு வெடித்த பிறகு தமிழர் வீடுகளில் வாரத்துக்கு ஒரு தடவையாவது சோதனை நடந்தது. பஸ்ஸில் தமிழ் கதைக்கும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வதும், சோதனைச்சாவடிக்கு முன்னால் பொட்டைத் துடைத்துக்கொள்வதும் எங்களுக்கு மூச்சு விடுவதுபோலப் பழகிப்போயிருந்தன. அவளுக்கு அந்தப் பழக்கமும் மறந்துவிட்டது.

நான் மருந்தாளன். முப்பது வருடம் அரச ஆஸ்பத்திரியில் வேலை, ஓய்வு பெற்ற பிறகு நகரத்தில் ஒரு பாமசியில். மருந்து விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. டொக்டர்மார் எழுதிய துண்டுகளில் பிழை பிடித்துத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அதனால்தான் கிளினிக்கில் டொக்டர் அவளுக்கு வந்திருப்பது மறதி நோய் என்று சொன்னபோது, அழுவதற்குப் பதிலாக, இதற்கு மருந்து என்ன இருக்கிறது என்று கேட்டேன். வெளிநாட்டில் புதிதாக ஒரு குளிசை வந்திருக்கிறது என்றார். நோயை மாற்றாது, ஆனால் கொஞ்சக் காலத்துக்குப் பிடித்து வைக்கும். சிலருக்கு முகங்கள் திரும்பத் தெரியவரும்.

அன்று வீட்டுக்கு வந்து பழைய புத்தகங்களைக் கிண்டினேன். இரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவில் ஒரு தடை இருக்கிறது. இரத்தத்தில் ஓடுகிற எல்லாவற்றையும் அது மூளைக்குள் விடாது. நல்ல நல்ல மருந்துகள் எல்லாம் அந்த வாசலில் நின்று திரும்பிப் போய்விடும். கொழுப்பில் கரையக்கூடிய சில மட்டும் உள்ளே நுழையும். ஒரு காலத்தில் பயிற்சிக்கு வந்த பிள்ளைகளுக்கு இதைச் சோதனைச்சாவடி என்று சொல்லித்தான் படிப்பித்தேன். இந்த நாட்டில் வேறு எந்த உதாரணம் அவ்வளவு சுலபமாக விளங்கும்? புதுக் குளிசை உள்ளே போகக்கூடியது என்று தெரிந்ததும் எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

லண்டனில் தாதியாக இருக்கும் மகள், ஊருக்கு வருகிறவர்களிடம் குளிசையைக் கொடுத்துவிடுவாள். அது கொழும்புக்கு வந்து, அங்கிருந்து இன்னொருவர் கையில் ரயிலேறிக் கண்டிக்கு வரும். பையைத் திறந்து பார்க்கிற ஒவ்வொரு ஆமிக்காரனுக்கும் கொண்டுவருகிறவர் விளக்கம் சொல்ல வேண்டும். முதல் பெட்டி வந்து சேர்ந்தபோது நான் அதைச் சாமிப்படத்தடியில் வைத்தேன். எனக்கு அந்தப் பழக்கமெல்லாம் கிடையாது. அன்று வைத்தேன்.

குளிசை தொடங்கி இரண்டு கிழமைக்குள் அந்தச் சோதனை வந்தது. வீட்டுக்குள் வந்தவர்களில் ஓர் இளம் சிப்பாயின் சட்டை வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. என் மனைவி எழுந்து போய் அவன் கையைப் பிடித்து, சட்டையை உள்ளே விடு, இதுதானா பள்ளிக்கூடம் வருகிற லட்சணம் என்று தமிழில் சத்தம் போட்டாள். அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பயந்துபோய்த் துவக்கை அவளுடைய நெஞ்சுக்கு நேரே தூக்கிவிட்டான். அவளுக்கு மறதி நோய் என்று டொக்டரிடம் சிங்களத்தில் எழுதி வாங்கிய கடிதம் என் சட்டைப்பையில் இருந்தது. அதை எடுக்கக் கையைப் பையில் விட்டால் சுட்டுவிடுவான் என்று நினைத்து நான் கையைத் தூக்கியபடி நின்றேன். அவர்களில் பெரிய பதவிக்காரன் ஒருவன் வந்து துவக்கைக் கீழே இறக்கினான். அடுத்த முறை இப்படி நடந்தால் தான் பொறுப்பில்லை என்று சொல்லிவிட்டுப் போனான்.

அன்றைக்குத்தான் எனக்கு அந்த மருந்துப் பாணி ஞாபகம் வந்தது. எழுபத்தேழுக் கலவரத்தில் பக்கத்து வீட்டுச் சிங்கள அம்மா எங்களைத் தன் பின்னறையில் ஒளித்து வைத்திருந்தார். மகளுக்கு அப்போது மூன்று வயது. அழுதால் எல்லோரும் முடிந்தோம். சளிக்கும் அரிப்புக்கும் கொடுக்கிற இனிப்புப் பாணியில் ஒரு கரண்டி கொடுத்தேன். பிள்ளை மயங்கித் தூங்கிற்று. தடிகளோடு வந்தவர்கள் வாசலில் நின்று விசாரித்துவிட்டுப் போய்விட்டார்கள். எங்கள் ஆட்களில் எத்தனையோ குடும்பங்கள் அப்படித்தான் பிள்ளைகளை அடக்கித் தப்பின. அந்தப் பாணியை அதற்குப் பிறகு நான் மருந்தாகவே நினைத்ததில்லை. வீட்டில் நெருப்புப்பெட்டி இருக்கிற மாதிரி அதுவும் அலுமாரியில் இருக்கும்.

முதலில் சோதனை என்று கேள்விப்பட்டால் மட்டும் கொடுத்தேன். அவர்கள் சொல்லிவிட்டா வருவார்கள்? வருவது பெரும்பாலும் பின்னேரத்தில். ஆகவே ஒவ்வொரு நாளும் நாலு மணிக்கு ஒரு கரண்டி என்று வழக்கமாயிற்று. காலையில் லண்டன் குளிசை, பின்னேரம் பாணி. அவள் கதிரையில் சாய்ந்து கிடப்பாள். வந்தவர்கள் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். பக்கத்து வீட்டு அம்மாவும் இப்போது பரவாயில்லை என்று நிம்மதிப்பட்டார்.

ஆனால் குளிசை வேலை செய்யவில்லை. ஒரு வருடத்துக்குள் அவளுக்கு என்னைத் தெரியாமல் போயிற்று. சாப்பாட்டுக் கோப்பையைப் பார்த்து என்ன செய்வதென்று தெரியாமல் இருந்தாள். மருந்து மூளைக்குப் போய்ச் சேரவில்லை என்று நான் முடிவு கட்டினேன். வெயிலில் கெட்டுவிட்டது என்று கொண்டுவந்தவர்களை ஏசினேன். மலிவான சரக்கை அனுப்புகிறாயா என்று மகளுக்குக் கடிதம் எழுதினேன். அவள் அழுதுகொண்டு தொலைபேசியில் கதைத்தாள். நான் போனை வைத்துவிட்டேன்.

அப்படி இருக்கும்போதுதான் பன்வில தேயிலைத் தோட்டத்திலிருந்து ஒரு பெண் பாமசிக்கு வந்தாள். மாமனாருக்கு அந்த இனிப்புப் பாணி ஒரு போத்தல் வேண்டும் என்றாள். சளியா என்று கேட்டேன்.

"சளியெல்லாம் இல்லீங்க. வயசாகி எல்லாம் மறந்துபோச்சு. செக்கிங் வந்தா கத்துறாரு, லயத்து வீடுகள்ல எல்லாருக்கும் பயமா இருக்கு. கொஞ்சம் தூங்கிட்டா நல்லதுங்க."

"மறதிக்காரருக்கு இது குடுக்கக் கூடாது, தங்கச்சி. இது நேரா மூளைக்குள்ள போயிடும். இருக்கிற ஞாபகத்தையும் குழப்பிப்போடும்."

நூறு பேருக்குச் சொன்ன வசனம். எழுத்துக்கூட்டாமல் வாயில் வரும். அப்ப என்னங்கய்யா செய்றது என்று அவள் கேட்டாள். பிறகு அடுத்த கடைக்குப் போனாள். நான் சொன்னது அப்போதுதான் என் காதிலேயே விழுந்தது. காலைக் குளிசை மூளைக்குள் எதைக் காப்பாற்றப் பார்க்கிறதோ, அதையே பின்னேரப் பாணி மறித்துவிடும். மாணவர்களுக்குப் படிப்பித்த பாடம். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வாயில்லை. தெரிந்ததையெல்லாம் செருப்போடு வாசலில் கழற்றி வைத்துவிட்டுத்தான் ஒவ்வொரு நாளும் வீட்டுக்குள் போயிருக்கிறேன். என் மகளைத் திட்டியது ஞாபகம் வந்தது. அன்று வீட்டுக்குப் போய்ப் போத்தலை அலுமாரியின் மேல்தட்டில், துணிகளுக்குப் பின்னால் வைத்தேன். வெளியே ஊற்றிவிடவில்லை. அதையும் சொல்ல வேண்டும்.

பத்துப் பன்னிரண்டு நாளில் அவள் கொஞ்சம் தெளிந்தாள். ஒரு காலையில் முற்றத்தைப் பார்த்தபடி, கொய்யா மரத்தை எப்போது வெட்டினீர்கள் என்று கேட்டாள். மரத்தை வெட்டி எட்டு மாதம். அதற்குப் பிறகு என் பக்கம் திரும்பினாள். கண்ணில் என்னைத் தெரிந்த பார்வை இருந்தது.

"நீங்கள் தாற இனிப்பு மருந்து இருக்கெல்லோ, அதைக் குடிச்சால் நான் எங்கையோ போயிடுறன். திரும்பி வரத் தெரியேல்லை. இனித் தராதேங்கோ."

தரமாட்டேன் என்று அவள் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தேன். மகளுக்குத் தொலைபேசி எடுத்தேன். என் மனைவி போனை வாங்கி, சாப்பிட்டாயா என்று கேட்டாள். இன்னொருக்கால் கேளுங்கோ அம்மா என்று மகள் சொன்னாள். அதற்குப் பிறகு ஒன்பது நாள். என் வாழ்க்கையில் அந்த ஒன்பது நாளைத்தான் நான் நல்ல காலம் என்று சொல்லுவேன், சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும்.

பத்தாம் நாள் பின்னேரம் ஒழுங்கை முகப்பில் ஜீப் வந்து நின்றது. கதவுகளைத் தட்டும் சத்தம் ஒவ்வொரு வீடாகக் கிட்டே வந்தது. நான் டொக்டரின் கடிதத்தைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டேன். இம்முறை தரப்போவதில்லை என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். கதிரையில் இருந்தவள் வாசலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். இரண்டு வருடத்தில் முதல் தடவையாகக் குரலைத் தாழ்த்தினாள்.

"வாறாங்கள் போல. தாங்கோ."

சொல்லிவிட்டு வாயைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள். நான் துணிகளை விலக்கிப் போத்தலை எடுத்தேன். பாதிப் பாணி அவளுடைய சேலையில் சிந்திவிட்டது. வாயை மூடாமல் அப்படியே இருந்தாள். இன்னொரு கரண்டி ஊற்றினேன்.