டிரைவர் லோடு ஆகல

லேப்டாப் ரிப்பேர்காரரை யாரும் நல்ல நேரத்தில் கூப்பிடுவதில்லை. எல்லாம் கைமீறிப் போன பிறகுதான் நம் நம்பர் ஞாபகத்துக்கு வரும். என்னோடு இதே தொழிலில் கிடந்து அல்லாடும் அண்ணன்மார்களே, அக்கா தங்கச்சிகளே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்கள் படித்தால் சிரிப்பார்கள். நீங்கள் மட்டும்தான் பெருமூச்சு விடுவீர்கள்.

சாத்தூரில் சின்னதாக ஒரு கடை வைத்திருக்கிறேன். பழைய லேப்டாப்போடு வருகிறவர்களுக்கு விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போட்டுக் கொடுப்பேன். இலவசம், வைரஸ் தொல்லை இல்லை, தூக்கிப்போட வேண்டிய லேப்டாப்கூட ஓடும். எல்லாம் நல்லபடியாகப் போகும், ஒருநாள் வயர் நெட் மக்கர் பண்ணுகிற வரைக்கும்.

பீரோவும் சாவியும்

லேப்டாப்புக்குள் நெட்வொர்க் கார்டு என்று ஒன்று இருக்கிறது. நெட் வயரைச் செருகுவது அதில்தான். அந்தக் கார்டை வேலை வாங்குகிற சாப்ட்வேருக்கு டிரைவர் என்று பெயர். டிரைவர் இல்லையென்றால் கார்டு வெறும் தகரம். இதைக் காரியாபட்டியில் ஓர் உரக்கடைக்காரருக்கு விளக்கப் போய் மாட்டிக்கொண்டேன்.

"டிரைவர எங்கருந்து எடுப்பீக?" என்றார். நெட்டிலிருந்து என்றேன். "நெட்டுதான் வரலையே?" டிரைவரைப் போட்டால் வந்துவிடும் என்றேன். மனுஷன் உர மூட்டை மேல் உட்கார்ந்து என்னையே பார்த்தார். பிறகு நிதானமாகச் சொன்னார்: "சாவிய பீரோக்குள்ள வச்சுப் பூட்டிட்டு, என்கிட்ட வந்து வெளக்கம் சொல்லிக்கிட்டு இருக்கீக."

சார் எப்ப வருவாரு?

அது பரவாயில்லை, என் போன் நெட்டில் டிரைவரை இறக்கிச் சமாளித்துவிட்டேன். போனே இல்லாமல் சிக்கிய கதை அச்சங்குளம் பக்கம் நடந்தது. தீபாவளி சீசன். ஒரு பட்டாசுக் கம்பெனியில் பில் போடும் செல்வி ஆபீஸ் லேண்ட்லைனில் கூப்பிட்டாள். நான் லினக்ஸ் போட்டுக் கொடுத்த ஆபீஸ் லேப்டாப்தான். "அக்கா, நெட் வரல. லாரி நிக்குது. வானம் வேற இருட்டிக்கிட்டு வருது, சீக்கிரம் வாங்க" என்றாள். நெட் இருந்தால்தான் பில் வரும், பில் இருந்தால்தான் லாரி ரோட்டில் ஏற முடியும்.

கேட்டில் போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள். பட்டாசுக் கம்பெனிக்குள் போன் போகாது. உள்ளே நுழைகிறவர்கள் வாசலில் பதித்திருக்கும் செப்புத் தகட்டைக் கையால் தொட்டுவிட்டுத்தான் போக வேண்டும். உடம்பில் கரண்ட் ஏதும் தேங்கியிருந்தால் மண்ணுக்குள் இறங்கிவிடும். நானும் தொட்டேன். வாச்மேன் என் பையை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கேட்டார்: "சரி தாயி, ரிப்பேர் பாக்குற சார் எப்ப வருவாரு?"

டிரைவரைக் கூட்டிட்டு வந்தாச்சு

லாரி முழுக்க பட்டாசுப் பெட்டிகள். தார்ப்பாய் கட்டி முடித்து, ஆபீசுக்கும் பேக்கிங் ரூமுக்கும் நடுவில் நின்றது. தெற்கே மின்னல் வெட்டிக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டில் அம்மா, அக்கா எல்லாரும் பட்டாசு வேலைக்குப் போனவர்கள். இடி நேரத்தில் லோடு வண்டி கம்பெனிக்குள் நிற்பது என்றால் என்ன என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

லேப்டாப்பைக் கேட்டுக்கு வெளியே தூக்கிப் போய் போன் நெட்டில் போடலாம் என்றால், அந்தக் காட்டில் டவரே எடுக்காது. அதனால்தான் வயர் இழுத்திருக்கிறார்கள். சாத்தூர் போய் பில் போட்டுத் திரும்புவதற்குள் மழை கொட்டிவிடும். வயரை மாற்றிப் பார்த்தேன், அசையவில்லை. வரிசையாகக் கட்டளை போட்டுப் பார்த்ததில் கார்டின் டிரைவர் ஏறாதது தெரிந்தது. "டிரைவர் லோடு ஆகல" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.

வாசலில் நின்ற போர்மேன் பரமசிவம் அண்ணாச்சி விருட்டென்று ஓடினார். லாரிக்கு அடியில் துண்டை விரித்துத் தூங்கிக்கொண்டிருந்த டிரைவர் பாண்டியை, "ஏலே, லோடு ஏறியும் ஆகலன்னு சொல்ல வச்சுட்டியேலே" என்று திட்டியபடி இழுத்து வந்து என் முன்னால் நிறுத்தினார். பாண்டிக்குக் கண்ணே திறக்கவில்லை. என்னைப் பார்த்து, அழாத குறையாகச் சொன்னார்: "அக்கா, தார்ப்பா கட்டி, டீசலும் போட்டு, நான் ரெடியா இருக்கேன். யாரு உங்ககிட்ட ஆகலன்னு சொன்னது?"

பழி யார்மேல்

சிரிக்கக்கூட நேரமில்லை. லினக்ஸிலேயே இருந்த டிரைவரை நானே கட்டளை போட்டு ஏற்றிப் பார்த்தேன், ஏறிக்கொண்டது. ஆனால் வயர் செருகும் இடத்தில் எரிய வேண்டிய பச்சை விளக்கு எரியவில்லை. திரையில் வந்த செய்தியைப் படித்த பிறகுதான் விஷயம் புரிந்தது. டிரைவர் வந்து கூப்பிடுகிறது. கார்டு பதிலே சொல்லவில்லை. லேப்டாப்பை அணைத்துப் போட்டேன். ஒருமுறை, மறுமுறை. பலனில்லை.

செல்வி நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள். "சும்மா கெடைக்கிறத போட்டா இப்படித்தான்னு மொதலாளி சொல்வாருக்கா" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. "செல்வி, டிரைவர் மேல ஒரு குத்தமும் இல்ல" என்று கத்திவிட்டேன். வாசலில் குந்தியிருந்த பாண்டி எழுந்து, போர்மேனைப் பார்த்துச் சொன்னார்: "கேட்டுக்கோங்க அண்ணாச்சி. படிச்சவுக சொல்றாக."

எல்லாத்தையும் புடுங்கு

முதல் இடி விழுந்தது. மணி அடித்து, வேலை பார்க்கும் பெண்களையெல்லாம் வெளியே அனுப்பினார்கள். டிபன் பையை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடினார்கள். போர்மேன் போகவில்லை, லாரி நிற்கிறதே. பாண்டியும் போகவில்லை, அது அவர் வண்டி. "நீங்க ரெண்டு பேரும் கெளம்புங்க" என்றார் போர்மேன். செல்வி என்னைப் பார்த்தாள். நான் எழுந்திருக்கவில்லை. வீரமெல்லாம் இல்லை, கோபம்.

"அப்ப இடி ஓயிற வரைக்கும் எல்லாப் பிளக்கையும் புடுங்கு" என்றார். அது அங்கே சட்டம். சார்ஜரைப் பிடுங்கினேன், நெட் வயரைப் பிடுங்கினேன், ஆத்திரத்தில் லேப்டாப்பைக் கவிழ்த்து பேட்டரியையும் பிடுங்கினேன். அப்போதுதான் மண்டையில் உறைத்தது. தினமும் மூடியை மட்டும் மூடிவிட்டு வீட்டுக்குப் போகிறாள் செல்வி. சார்ஜரும் பேட்டரியும் அப்படியே. எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் உள்ளே கொஞ்சம் கரண்ட் நின்றுகொண்டே இருக்கும். கார்டு அரைத் தூக்கத்திலேயே கிடக்கும். பவர் பட்டனை அழுத்திப் பிடித்து, மிச்சமிருந்த கரண்டையும் வடியவிட்டேன்.

பேட்டரியை மாட்டினேன். இனி பிளக்கைச் செருக வேண்டும். போர்மேன் வாசலில் நின்று வானத்தையே பார்த்தார். இடி கொஞ்சம் ஓய்ந்திருந்தது. "போடு" என்றார். செருகி, லேப்டாப்பைப் போட்டேன். பச்சை விளக்கு எரிந்தது. செல்வி பில் போட்டு, பிரிண்ட் எடுத்து, காகிதம் முழுதாக வெளியே வருவதற்குள் இழுத்தே விட்டாள். பாண்டி அதை வாங்கிக்கொண்டு ஓடினார். லாரி கேட்டைத் தாண்டும் வரை நாங்கள் வாசலிலேயே நின்று பார்த்தோம். பிளக்குகளை மறுபடி பிடுங்கிப் போட்டுவிட்டு, என்ன கோளாறு என்று போர்மேன் கேட்டார். சொன்னேன். லேப்டாப்பை ஒரு முறை முறைத்தார்: "உள்ள வர்றவுக அம்புட்டுப் பேரும் தகட்டத் தொட்டுட்டுத்தான் வர்றோம். இது ஒண்ணுதான் தொடாம வந்து உக்காந்திருக்கு."

சாத்தூருக்குத் திரும்பும் வழியில் என் முதுகுக்குப் பின்னால் கம்பெனிப் பக்கம் விழுந்த பெரிய இடி, எதுவும் வெடிக்காமல் வெறும் இடியாகவே முடிந்தது பாருங்கள், நம் தொழிலில் இதைவிடப் பெரிய கூலியை நான் இன்னும் வாங்கவில்லை.