பன்சலைக்குப் போன பார்சல்கள்

எங்கள் ரோட்டுக்கு வயது ஏறுவதில்லை. எனக்கு இங்கே தலை நரைத்துவிட்டது. ரோட்டில் நடக்கிறவர்களுக்கு மட்டும் எப்போதும் இருபது, இருபத்திரண்டு. நாலு வருசம் இருப்பார்கள். போவார்கள். அதே வயதில் வேறு ஆட்கள் வருவார்கள்.

முன்னே இது தோட்டத்து லொறி போகிற பாதை. கொழுந்து நிறுக்கிற மடுவம், ஒரு தேத்தண்ணிக் கடை, எங்கள் வரிசை வீடுகளான லயம். அவ்வளவுதான். மேலே கேம்பஸ் வந்தது. மடுவம் போட்டோக்கொப்பிக் கடையானது. தேத்தண்ணிக் கடைக்காரர் மாடி கட்டி, பெண் பிள்ளைகளுக்கு போடிங் வைத்தார். சிங்கள ஆட்கள் மிளகுக் கொடியைப் பிடுங்கிவிட்டு வரிசையாக ரூம் கட்டினார்கள். எம்பிலிப்பிட்டிய மரக்கறி லொறி முன்னே எங்களைத் திரும்பிப் பார்க்காது. இப்போது நின்று போகிறது.

நேரமும் மாறிவிட்டது. முன்னே தோட்டத்துச் சங்குக்கு எழும்பினோம். இப்போது பிள்ளைகளுக்குச் சோதனை என்றால், படிக்கிறார்கள், ரோடு அமைதி. சோதனை முடிந்தால் பாட்டு. லீவு விட்டால் கடைகள் பூட்டு, நாய்கள் மெலியும். நாய்களும் கேம்பஸ் பிள்ளைகளை நம்பித்தான் இருந்தன. பிறகு நாங்களும்.

என் வீட்டுக்காரர் மழையில் கொழுந்து மூட்டையோடு வழுக்கி விழுந்தார். இடுப்பு போய்விட்டது. அவரைத் தனியே விட்டு மலைக்குக் கொழுந்து பறிக்கப் போக முடியவில்லை. தோட்டத்தில் பேரை வெட்டிக்கொண்டு வீட்டில் இருந்தேன். லயத்தில் எங்களுடையது கடைசி வீடு, ரோட்டுப் பக்கம் கதவு. சோத்துப் பார்சல் போட ஆரம்பித்தேன். பருப்பு, ஒரு இலைக்கறி, நெத்தலிப் பொரியல், தேங்காய்ச் சம்பல். தேங்காய் துருவுவது அவர் வேலை. உட்கார்ந்தபடி செய்யலாம்.

அந்த வருசம் புதுப் பிள்ளைகள் வந்தார்கள். பார்த்ததும் எனக்கு மனது சரியில்லை. எல்லோர் காலிலும் ரப்பர் செருப்பு. பை இல்லை, கொப்பிகளைக் கையில் அணைத்துப் பிடித்திருந்தார்கள். பெண் பிள்ளைகளுக்கு இரட்டைப் பின்னல், பழைய நீளப் பாவாடை. ஒருவரும் தலையை நிமிர்த்தவில்லை.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "இந்த வருசம் பாவப்பட்ட பிள்ளைங்களா வந்திருக்குங்க."

"எல்லாருமா?" என்றார்.

"எல்லாரும்தான்."

அது கேம்பஸ் பெரியவர்கள், மேல் வருசப் பிள்ளைகள், வைத்த சட்டம் என்று எனக்குத் தெரியாது. சில மாதத்துக்குப் புதுசுகள் அப்படித்தான் உடுத்த வேண்டுமாம். வெளிக்கடையில் உட்கார்ந்து சாப்பிடக் கூடாதாம். ரோட்டில் எல்லோருக்கும் தெரியும். நான் அதுவரை மலையில் நின்றவள். மலையிலிருந்து பார்த்தால் பிள்ளைகள் எல்லாம் ஒன்றுதான்.

நான் அவர்களை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தேன். சோற்றுக்கு அடியில் ஒரு அவிச்ச முட்டை வைத்தேன். மேலே வைத்தால் வாங்கக் கூச்சப்படுவார்கள் என்று அடியில் வைத்தேன். ஒரு நாள் ரோட்டிலிருந்து ஒரு பெரிய பையன் அவர்களைக் கூப்பிட்டான். நான் வாசலுக்குப் போய், "சாப்பிடுதுங்க, அப்புறம் வாங்க" என்றேன்.

மறுநாள் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவன் சிங்களப் பையன், அவன்தான் பெரியவர்களுக்குத் தலைவன். மற்றவன் யாழ்ப்பாணத்துப் பையன். அவன் மொழிபெயர்க்க வந்தான். எனக்குச் சிங்களம் நன்றாகத் தெரியும். சிரமப்பட்டு வந்திருக்கிறான், சொல்லட்டும் என்று விட்டேன்.

"அன்ரி, முதலாம் வருசப் பிள்ளையளை நீங்கள் உள்ளுக்கு இருத்திச் சாப்பாடு குடுக்கக் கூடாது."

"பசிச்சா?"

அவன் அதை மொழிபெயர்க்கவில்லை.

"எங்கட விசயத்தில தலையிட வேண்டாம் எண்டு அண்ணை சொல்றார்."

"பசி யாரு விசயம் தம்பி?"

அன்றோடு என் கதவுக்குத் தடை விழுந்தது. இங்கிலீசில் பேன் என்பார்கள். பெரியவர்கள் வாங்கவில்லை. புதுசுகள் வரப் பயந்தார்கள். வடித்த சோறு மீந்தது. நாய்கள் மட்டும் கொழுத்தன. பக்கத்து வீட்டுக்காரி தினமும் வேலியோரம் வந்து கேட்பாள்.

"என்ன அக்கா, கேம்பஸ் மருமகன்மாரைக் காணோம்?"

"பொண்ணு பார்க்கப் போயிருக்காங்க" என்பேன்.

எங்களுக்கு வேறு வருமானம் இல்லை. கொழும்பில் ஒரு வீட்டுக்குச் சமையலுக்கு ஆள் தேடினார்கள். சொந்தக்காரி ஒருத்தி சொல்லிவிட்டாள். மாதக் கடைசியில் வேன் வரும், நான் அதில் போவது. அவரைக் கொடகவெலத் தோட்டத்தில் அவர் தங்கச்சி வீட்டில் விடுவது. கலியாணம் கட்டி ஒரு நாளும் பிரிந்திருந்ததில்லை. அவர் துருவலைப் பலகையைக் கழுவித் துடைத்துச் சுவரில் சாய்த்தார். பிறகு கேட்டார்.

"எப்ப வருவே?"

"தீபாவளிக்கு விடுவாங்களாம்."

அந்த வாரம் பின்னேரம் திரீவீல்கார நானா வந்தார். பஜார் முஸ்லிம் ஆள். கேம்பஸ் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறவர்.

"தங்கச்சி, பத்துப் பார்சல் போடுங்க. ராவைக்கு."

"யாருக்கு நானா?"

"பன்சலைக்கு."

பன்சலை என்பது புத்த கோயில், மேட்டில் இருக்கிறது. அங்கே ஹாமுதுருமார், அதாவது பிக்குமார், பகலுக்குப் பிறகு சாப்பிடுவதில்லை. இந்த ரோட்டில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

"ராத்திரிக்கா?"

"ஓம், ராத்திரிக்குத்தான். நெத்தலி கொஞ்சம் கூடப் போடச் சொன்னாங்க."

"நானா, பள்ளிவாசலுக்குன்னு சொன்னாலாவது நம்பியிருப்பேன்."

அவர் வண்டியைத் துடைத்தார். துடைக்க ஒன்றும் இல்லை.

போட்டுக் கொடுத்தேன். மறுநாளும் பத்து. அதற்கு மறுநாள் கூடியது. யார் சாப்பிடுகிறார்கள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. தடை போட்டவர்களுக்கே என் சம்பல் இல்லாமல் முடியவில்லை. வெளியே சொன்னால் அவர்கள் மானம் போய்விடும். நான் சொல்லவில்லை. ஒவ்வொரு பார்சலிலும் சோற்றுக்கு அடியில் முட்டை வைத்தேன். வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவனுகளுக்குமா?"

"அவனுங்களும் வீட்டை விட்டுத்தானே வந்திருக்கானுங்க."

அவர் எழும்பாமல் கையை நீட்டித் துருவலைப் பலகையை இழுத்துக்கொண்டார்.

அடுத்த நாள் நானா இறங்கும்போதே சிரித்தார்.

"பன்சலையில ரொம்ப சந்தோசமாம். முட்டைக்கு."

"ஹாமுதுருமாருக்கா?"

"ஹாமுதுருமாருக்குத்தான். ரெண்டு பேருக்குத் தாடியும் இருக்கு."

வேன் வருவதற்கு முன்னால், ஒரு பகலில், அந்த இரண்டு பேரும் நடந்தே வந்தார்கள். ரோட்டில் எல்லோரும் பார்க்க வந்தார்கள். யாழ்ப்பாணத்துப் பையன் வாயைத் திறப்பதற்குள் தலைவனே சிங்களத்தில் பேசினான்.

"அம்மே, கோபமா?"

நானும் சிங்களத்தில் சொன்னேன். "கோபப்பட நேரம் எங்கே மகன். தேங்காய் கிடக்குது."

யாழ்ப்பாணத்துப் பையன் என்னைப் பார்த்தான். "அன்ரிக்குச் சிங்களம் தெரியுமோ?"

"தெரியும் தம்பி. நீ நல்லாத்தான் சொன்னே. பசியை மட்டும் விட்டுட்டே."

தலைவன் சிரித்தான். புதுசுகள் உள்ளே இருந்து சாப்பிடட்டும், நாங்கள் இந்தப் பக்கம் பார்க்க மாட்டோம் என்றான். பிறகு கதவுக்குள் தலையை நீட்டினான்.

"பன்சலைக்கு ரெண்டு பார்சல்."

அன்று பின்னேரம் சொந்தக்காரிக்கு போன் எடுத்து, வேனில் எனக்கு இடம் வேண்டாம் என்றேன். கொடகவெலைக்கும் சொன்னேன். அவர் துணிகள் பையில்தான் இருந்தன. நான் எடுத்து மடித்துக் கொடியில் போட்டேன்.

செருப்புச் சட்டம் முடிந்த பிறகு புதுசுகளில் ஒருத்தி தகப்பனோடு பெரிய வாகனத்தில் வந்து இறங்கினாள். காலில் நல்ல சப்பாத்து. தகப்பன் கும்பிட்டார். அவளுக்கு எத்தனை முட்டை கொடுத்தேனோ. வீட்டுக்காரர் உள்ளேயிருந்து, "பாவப்பட்ட பிள்ளை வந்திருக்குது" என்றார்.

அந்தப் பையன்கள் போய்விட்டார்கள். அவர்கள் முகம் எனக்கு மறந்து வருகிறது. இந்தப் பிள்ளைகளுக்கு நாங்கள் எல்லாரும் நன்றி சொல்ல வேண்டும். சொல்லத் தெரியவில்லை. அவரும் நானும் ஒரே கூரைக்குக் கீழே இருக்கிறோம். அது அவர்களால்.

இப்போதும் ராத்திரிப் பார்சலுக்கு இந்த ரோட்டில் பன்சலைப் பார்சல் என்றுதான் பேர். இந்த வருசம் வந்தவர்களும் அப்படித்தான் கேட்கிறார்கள். ஏன் அந்தப் பேர் என்று அவர்களுக்குத் தெரியாது. அவர் துருவுகிறார். நான் முட்டையை அடியில் வைத்துச் சோற்றைப் போடுகிறேன்.