மார்கழியில் உதறிய வண்டி

ஒரே காருக்கு மூன்று முறை தப்பாக வைத்தியம் பார்த்தேன். எங்கள் மெக்கானிக் தொழிலில் கோளாறைப் பாதி காதிலேயே பிடித்துவிடலாம். இந்த வண்டி என் காதுக்கு எதையும் சொல்லவில்லை. அதிகாலையில் சாவியைத் திருப்பி, வண்டி குலுங்கி அணைவதைப் பார்த்தவர்கள் மேலே படியுங்கள். அருப்புக்கோட்டையில் அப்படி என்ன குளிர் என்று கேட்பவர்கள் படிக்க வேண்டாம்.

வந்து நின்றால் நல்ல பிள்ளை

பாலவனத்தம் மாரிச்சாமி பழைய பெட்ரோல் கார் ஒன்று வாங்கியிருந்தான். அப்பாவுக்காக. அவருக்கு வாரம் மூன்று நாள் விருதுநகரில் டயாலிசிஸ். காலை ஏழு மணிக்குப் போய்ப் படுத்துவிட வேண்டும். பிந்தினால் மெஷினை அடுத்த ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். சாயங்காலம் வரை வீங்கின காலோடு பெஞ்சில் கிடக்க வேண்டியதுதான்.

"ஒரு வாரமா காலையில கிளம்பயில உதறுது அண்ணாச்சி. மிதிச்சா அணைஞ்சு போகுது" என்றான். அப்பாவை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டுப் பத்து மணிக்கு வந்திருந்தான். இன்ஜின் சீராக ஓடியது. பெட்ரோலைப் பற்ற வைக்கும் பிளக் நாலும் கரி அப்பிக் கிடந்தன. புதுசு மாட்டி அனுப்பினேன்.

நாலாம் நாள் திரும்பி வந்தான். மறுபடி பிந்திவிட்டதாம். பின்சீட்டில் இருந்த அப்பா கண்ணாடியை இறக்கிச் சொன்னார்: "எனக்குத்தான் மெஷினுன்னு நெனச்சேன். இதுக்கும் பக்கத்துல ஒரு கட்டில் போடச் சொல்லணும் போலயே."

பெட்ரோல் மேல் பழி

டேங்கைக் காலி செய்தேன். இன்ஜெக்டரைக் கழுவினேன். கேட்கவில்லை. புதுப் பிளக்கும் கறுத்திருந்தது. பெட்ரோல் எரியாமல் தங்குகிறது என்று அர்த்தம். ஏன் தங்குகிறது? தெரியவில்லை. தெரியாது என்று சொல்ல எனக்கு வாய் வராது. பிளக்குக்குக் கரண்ட் கொடுக்கும் காயிலை மாற்றினேன். அதுவும் வீண்.

பக்கத்துக் கடையில் எலக்ட்ரிக் வேலை பார்க்கும் ராசு என் வயசுக்காரன். டீ கிளாஸோடு வந்து எட்டிப் பார்த்தான். "ஏலே, அவன் விடியக்காலம் நோவுதுங்கிறான். நீ பத்து மணிக்கு நாடி பிடிக்கிற!"

விடியுமுன் போய் நின்றேன்

அடுத்த டயாலிசிஸ் நாள். ஐந்து மணிக்கே பாலவனத்தம் போய்விட்டேன். கார் வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. மாரிச்சாமி தூக்கக் கலக்கத்தில் வந்து ஸ்டார்ட் செய்தான். ஒரு உதறல் இல்லை. பத்தடி முன்னால் நகர்த்தினான், அணைத்தான், உள்ளே போய்விட்டான். அவன் சம்சாரம் பாண்டிச்செல்வி வாசல் தெளித்துக் கோலம் போட உட்கார்ந்தாள். மற்ற மாதங்களில் படியோரம் சின்னக் கோலம். வண்டி நகர வேண்டாம். மார்கழிக்கு வாசல் முழுக்க வேண்டும்.

ஆறு மணிக்கு அப்பாவை ஏற்றிக்கொண்டு மறுபடி ஸ்டார்ட் செய்தான். அப்போது தொடங்கியது உதறல்.

பிடித்துவிட்டேன். இன்ஜின் குளிர்ந்து கிடந்தால் பெட்ரோல் கூடுதலாக இறங்கும். சூடாகுமுன் அணைத்தால் எரியாத பெட்ரோல் பிளக்கை நனைத்துவிடும். பிளக்கைக் கழற்றித் துடைத்து மாட்டிக் கிளப்பிவிட்டேன். அன்று ஏழுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

அவர்கள் கிளம்புமுன் மாரிச்சாமியிடம், "நகத்தினா அணைக்காத. கால் மணி நேரம் ஓடட்டும்" என்றேன்.

"பொகை பூராம் வீட்டுக்குள்ள வரும் அண்ணாச்சி. அப்பாவுக்கு இருமல் நிக்காது."

"அப்ப கோலத்த விட்டுரு."

சொல்லியிருக்கக் கூடாது. பாண்டிச்செல்வி நிமிர்ந்து பார்த்தாள்.

மறுமுறையும் ஐந்து மணிக்குப் போனேன். எனக்குச் சந்தேகம் தீரவில்லை. இன்ஜின் சத்தமே இல்லை. மாரிச்சாமி ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தான். பாண்டிச்செல்வி கோலப்பொடி கலந்த கையை டிக்கியில் வைத்துத் தள்ளினாள். வண்டி பத்தடி உருண்டு நின்றது. டிக்கியில் இரண்டு வெள்ளைக் கைத்தடம். ஆறு மணிக்கு ஒரே திருப்பில் பிடித்தது. பெரியவர் கையாட்டிக்கொண்டே போனார். அதற்குப் பிறகு ஒரு நாளும் அவருக்கு மெஷின் தவறவில்லை.

என்னைப் பார்த்து அவள் சிரித்தாள்: "பத்தடி நகத்த இன்ஜின் எதுக்குப் பெரியய்யா? நியூட்ரல்ல போட்டா நானே தள்ளிருவேன்ல."

ஆக, ஆயுள் முழுக்க ஸ்பானர் பிடித்த கைக்கு அடங்காத வண்டியைக் கோலப்பொடிக் கையால் சரி செய்தவள் பாண்டிச்செல்வி.