சனிக்கிழமையே வந்துவிட்ட ரசிகர்கள்

யுத்தம் நடந்த நாட்களில், கண்டியில் எங்கே எப்போது இசை நிகழ்ச்சி என்று இணையத்தில் அறிவிக்கும் பொறுப்பை நானே என் தலையில் போட்டுக்கொண்டேன். யாரும் கேட்கவில்லை. புடவைக் கடையில் வேலை முடிந்ததும் இன்டர்நெட் கடைக்கு ஓடுவேன். இடம், நேரம், கடைசி பஸ், எந்தச் சந்தியில் சோதனைச்சாவடி, எல்லாம் என் இணையப் பக்கத்தில் இருக்கும். 'அடையாள அட்டையை மறக்காதீர்கள்' என்பதைப் பாடகரின் பெயரைவிடப் பெரிதாகப் போடுவேன்.

ஒருமுறை மஹய்யாவப் பகுதி இசைக்குழு ஒன்றின் நிகழ்ச்சியைச் சனிக்கிழமை என்று போட்டேன். ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதி ஞாயிறுக்குத்தான் கிடைத்தது. உடனே சிவப்பு எழுத்தில் மாற்றினேன். அந்த வேகத்தைப் பார்த்து எனக்கே என்மேல் ஒரு மரியாதை வந்தது.

சனிக்கிழமை மத்தியானம் நிகழ்ச்சி நடக்கவிருந்த மண்டபத்தின் காவலாளி புடவைக் கடைக்குப் போன் பண்ணினார். போய்ப் பார்த்தால், பூட்டிய கதவுக்கு முன்னால் மடுல்கெல்லயிலிருந்து வேன் பிடித்து வந்த தேயிலைத் தோட்டத்து ஆட்கள் பதினைந்து பேர். முன்னால் நின்ற அக்கா ஒரு தாளை நீட்டினார். என் பக்கமேதான். அவர்கள் ஊர் போட்டோக்கொப்பிக் கடைக்காரர் பழைய அறிவிப்பை அச்செடுத்துச் சுவரில் ஒட்டியிருக்கிறார்.

"நாளைக்குன்னு நெட்டுல மாத்திட்டேனே அக்கா."

"நெட்டுல மாத்துனா செவுத்துல எப்படி தம்பி மாறும்?"

மறுநாள் தோட்டத்தில் ஒரு கல்யாணம், வர முடியாதாம். இசைக்குழு ஒன்றை நேரில் பார்ப்பது பலருக்கு அதுதான் முதல் தடவை. வெட்கமாக இருந்தது. இவர்களைப் பாட்டுக் கேட்காமல் திருப்பி அனுப்பினால், அந்தப் பக்கத்தையே மூடிவிட வேண்டியதுதான் என்று முடிவு செய்தேன்.

குழு அப்போது டிரம்ஸ்காரர் வீட்டில் ஒத்திகையில் இருந்தது. எல்லாரையும் அங்கே கூட்டிப்போனேன்.

"ஒத்திகைக்கு யாரும் பேர்மிட் கேக்க மாட்டாங்க. உள்ள வாங்க," என்றார் டிரம்ஸ்காரர்.

இருந்த நாலு கதிரை போதவில்லை. பெண்கள் கட்டிலில், மற்றவர்கள் தரையில். மைக் இல்லாததால் பாடகர் இரண்டடி தூரத்தில் நின்று பாடினார். கேட்ட பாட்டையெல்லாம் பாடினார், ஒரு பாட்டை மூன்று முறை. கடைசியில் அக்காவே எழுந்து ஆடினார்.

இருட்டுவதற்குள் சோதனைச்சாவடியைத் தாண்ட வேண்டுமே என்று நான்தான் அவர்களைக் கிளப்பினேன். வேனில் ஏறும்போது மறுபடியும் மன்னிப்புக் கேட்டேன்.

"அட போங்க தம்பி," என்றார் அக்கா. "அடுத்த தடவையும் நாள மாத்திட்டு எங்களுக்கு மட்டும் சொல்லாம விட்டுருங்க."